நான்காம் இடத்துத் தண்ணீர்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆகஸ்ட் விடுமுறையின் இரண்டாவது வாரத்தில், யட்டியாந்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் இது நடந்தது. தரம் ஆறு முதல் ஒன்பது வரை படிக்கும் பிள்ளைகளுக்கு எங்கள் திருச்சபை அங்கே மூன்று நாள் இயற்கை அறிவியல் முகாம் நடத்துகிறது. காலையில் ஜெபம், பிறகு காடு, மண், ஓடை, பூச்சி. மாலையில் பாட்டும் வேத தியானமும். நான் கேகாலைப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். முகாமில் ஓடை ஆய்வு என் பொறுப்பு. அது எங்களுக்கு இரண்டாவது வருடம்.

எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. மழை பெய்தால் தொடங்கிய நேரமும் விட்ட நேரமும் எழுதுவேன். ஆகவே இங்கே நான் சொல்லும் நேரங்களும் எண்களும் நினைவிலிருந்து அல்ல, கொப்பியிலிருந்து வருகின்றன. நினைவை மட்டும் நம்பியிருந்தால் எனக்குச் சாதகமாகக் கொஞ்சம் மாற்றியிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

பிள்ளைகள் ஐம்பத்திரண்டு பேர். நாற்பத்திரண்டு பேர் டவுன் பக்கத்துப் பிள்ளைகள். மற்றப் பத்துப் பேரும் அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள்; அவர்களில் பாதிக்கு மேல் இந்துக்கள். தோட்டத்தில் முகாம் நடத்திவிட்டு அங்குள்ள பிள்ளைகளைச் சேர்க்காமல் விடுவது சரியில்லை என்று போதகர் சொன்னதால் சேர்த்திருந்தோம். அவர்கள் மாலைத் தியானம் முடிந்து ஆறு மணிக்கு லயத்து வரிசை வீடுகளுக்குப் போய்விட்டு மறுநாள் காலை எட்டு மணிக்கு வருவார்கள்.

ஓடையில் நான்கு இடங்களைக் குறித்திருந்தேன். முதலாவது, தேயிலைக்கு மேலே காட்டின் ஓரம். இரண்டாவது, தேயிலைக்குள். மூன்றாவது, பாலத்தடி. நான்காவது, தொழிலாளர் லயங்களுக்குக் கீழே, தண்ணீர் பிடிக்கும் பீலியைத் தாண்டி. மற்றப் பிள்ளைகள் மண்ணையும் காட்டையும் பார்க்கும்போது, இடத்துக்கு நால்வர் கொண்ட ஒரு குழு போய், மூங்கில் குச்சியில் கட்டிய தேத்தண்ணி வடியால் கல்லுக்கு அடியில் துழாவி, கிடைக்கும் உயிர்களை வெள்ளைத் தட்டில் போட்டு எண்ண வேண்டும். சுத்தமான தண்ணீரில் மட்டும் வாழும் ஒரு சிறு பூச்சி இருக்கிறது. வாலில் மூன்று மெல்லிய இழைகள் இருக்கும். பிள்ளைகள் அதற்கு உடனே 'மூணு வால்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தண்ணீர் கெட்டால் அது போய்விடும். சிவப்புப் புழுக்கள் வரும். எண்ணி முடித்ததும் உயிர்களைத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். கடவுள் படைத்ததைப் பார்க்க வந்தோம், போத்தலில் அடைக்க வரவில்லை என்று அதற்கு விளக்கமும் கொடுத்தேன்.

முதல் நாள் பிற்பகல் நாலரை மணிக்கு மண்டபத்தில் முடிவுகளை வாசித்தார்கள். சுவரில் பெரிய அட்டவணை ஒட்டியிருந்தேன். முதலாம் இடத்தில் மூணு வால் ஒன்பது. இரண்டாம் இடத்தில் எட்டு. மூன்றாம் இடத்தில் ஏழு. எல்லாம் நான் எதிர்பார்த்தபடி இறங்கிக்கொண்டே வந்தன. அடுத்து நான்காம் இடத்துக் குழு எழுந்தது. தாளை வாசித்தவள் அந்தத் தோட்டத்துப் பிள்ளை. தரம் எட்டு. எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல், நெற்றியில் சிறு திருநீற்றுக் கீற்று.

"மூணு வால் ஏழு. செவப்புப் புழு இல்ல."

போன வருடம் அதே இடத்தில் நானே எடுத்த கணக்கு என் கையில் இருந்தது. மூணு வால் ஒன்றுமில்லை. சிவப்புப் புழு இருபத்தேழு.

"ஏழா? எங்க எடுத்த?" என்று கேட்டேன்.

"நாலாவது எடத்துல டீச்சர். பீலிக்குக் கீழ."

கூட இருந்த மூன்று பேரையும் பார்த்தேன். மூவரும் டவுன் பிள்ளைகள். அவர்களில் கண்ணாடி போட்ட ஒருவன் சொன்னான்: "நாங்க கரையில நின்னோம் டீச்சர். ஒரே அட்டை. இவதான் எறங்கினா. இவ சொல்லச் சொல்ல நான் எழுதினேன்."

"நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"தட்டுல என்னமோ ஓடிச்சு டீச்சர்."

"சரி, பூச்சி எங்க?" என்று அவளிடம் திரும்பினேன்.

"தண்ணியில விட்டுட்டேன் டீச்சர். நீங்கதான விடச் சொன்னீங்க."

பின்வரிசையில் யாரோ, "விட்டுட்டாளாம்" என்று இழுத்தான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் அடக்கவில்லை.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நானும் லயத்தில் பிறந்தவள். புளத்கொகுபிட்டியப் பக்கத்தில் ஒரு றப்பர் தோட்டம். பன்னிரண்டு வயதுவரை அங்கேதான் இருந்தேன். எங்கள் லயத்துக்குக் கீழே ஓடிய தண்ணீரில் சவுக்கார நுரையும் வேறு பலதும் மிதக்கும். ஆகவே இந்த விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று எண்ணினேன். அதைச் சொல்லவும் செய்தேன்.

"லயத்துக்குக் கீழ மூணு வால் இருக்காதும்மா. நானும் லயத்துல பொறந்தவதான். எனக்குத் தெரியும். ஒண்ணாவது எடத்துத் தாளப் பாத்து எழுதிட்டியா?"

அவள், இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. அதையே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். "விஞ்ஞானத்துல தெரியலைன்னு சொல்லலாம், பொய்க் கணக்கு எழுதக் கூடாது" என்று எல்லோருக்குமாகச் சொல்லிவிட்டு, அவளுடைய தாளில் குறுக்காகக் கோடு போட்டேன். அட்டவணையில் நான்காம் கட்டத்தை வெறுமையாக விட்டேன். போதகரிடம், அன்றைய தியானத்தில் உண்மை பேசுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். அவரும் சொன்னார். எல்லோரும் கண்ணை மூடி ஜெபித்தபோது நான் ஒருமுறை கண்ணைத் திறந்தேன். அவள் கண்ணை மூடாமல், தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைய நாட்குறிப்பில், "தரம் 8 மாணவி, தரவு பொய். கண்டித்தேன்" என்று இருக்கிறது. கையெழுத்து மிகவும் அழகாக இருக்கிறது.

மறுநாள் காலை ஆறு பத்துக்கு நான் ஓடைக்குப் போனேன். சந்தேகம் வந்து போகவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். அட்டவணையில் வெறுமையாக இருந்த அந்தக் கட்டம்தான் உறுத்திக்கொண்டிருந்தது. நானே எடுத்து நிரப்பிவிட்டால் அட்டவணை முழுமையாகிவிடும் என்று வடியும் தட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். வழியில் சறுக்கி இரண்டு கையும் சேறாகிவிட்டது. பீலியடியில் இரண்டு பெண்கள் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சற்று மேலே உட்கார்ந்து, பையிலிருந்த சவுக்காரத்தை எடுத்துக் கை கழுவத் தொடங்கினேன்.

"டீச்சர், கொஞ்சம் நில்லுங்க," என்றாள் மூத்தவள். என் வயதுக்குச் சற்றுக் குறைவு. "சவுக்காரம் அந்தக் கல்லுக்கு அங்கிட்டு."

ஓடையோரத்தில் வெள்ளை பூசிய ஒரு கல் இருந்தது. அதற்கு அப்பால் ஒரு சீமெந்துத் தளம்.

"அவங்களுக்கு எப்புடிக்கா தெரியும்? போர்டா போட்டிருக்கோம்?" என்றாள் மற்றவள். அவள் இளையவள்.

"போர்டு என்னாத்துக்கு? பெரிய தொர வந்து மூஞ்சி கழுவினாலும் அங்கிட்டுத்தான்."

எழுந்து போய் அந்தத் தளத்தில் கழுவினேன். கழுவிய தண்ணீர் ஓடைக்குப் போகவில்லை. தளத்தின் விளிம்பில் ஒரு சிறு கான் இருந்தது. அதற்குள் விழுந்து சரிவுக்குக் குறுக்காக ஓடியது. தேயிலை மலைகளில் மண் அடித்துக்கொண்டு போகாமல் இருக்க இப்படிக் கான் வெட்டுவார்கள். நேராகக் கீழே இறங்காமல் குறுக்கே போகும். எட்டடிக்கு ஒரு குழி. அதில் சேறும் மண்ணும் தங்கி, தண்ணீர் மெதுவாக அடுத்ததற்குப் போகும். லயத்து அழுக்குத் தண்ணீர் முழுவதும் அப்படியே குழி குழியாக இறங்கி, வாழைகள் நட்டிருந்த ஒரு பள்ளத்தில் முடிந்தது.

"இது போன வருஷம் இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"போன வருஷம் எங்க இருந்துச்சு? கிறிஸ்துமஸ் கழிச்சு வெட்டுனது," என்றாள் மூத்தவள். "வேலைக்குப் போறப்ப விட்டுட்டுப் போற பிள்ளைக்காம்பராவுல நாலு புள்ளைக்கு வயித்தால போயி ஆஸ்பத்திரியில வச்சிருந்தாங்க. ஒண்ணு இந்தா இவளோடது. சுகாதாரம் பாக்குற பி.எச்.ஐ. மாத்தயா வந்து தண்ணிதான் காரணம்னுட்டாரு. சரி, மலையில ஊருக்கெல்லாம் கான் வெட்டுறோமே, நம்ம வாசலுக்கு வெட்டுனா என்னான்னு நாலு ஞாயித்துக்கெழம எல்லாரும் சேந்து சிரமதானம் போட்டோம்."

"ஆம்பளைங்களும் வந்தாங்களா?"

"வந்தாங்க, வந்தாங்க," என்றாள் இளையவள். "மேல நின்னு இப்புடி வெட்டு, அப்புடி வெட்டுன்னாங்க. நாலாவது ஞாயித்துக்கெழம வெக்கம் வந்து மம்பட்டியத் தூக்குனாங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடையில் இறங்கினேன். முதல் கல்லைப் புரட்டினேன். அதன் அடியில் இரண்டு பூச்சிகள் மூன்று இழை வாலை ஆட்டிக்கொண்டு ஓடின. அடுத்த கல்லில் ஒன்று. பிள்ளைகளுக்குக் கொடுத்த அதே பதினைந்து நிமிடம் வைத்து எண்ணினேன். எட்டு. சிவப்புப் புழு இல்லை. தட்டை வைத்துக்கொண்டு தண்ணீரிலேயே நின்றேன். காலில் அட்டை ஏறியது தெரிந்தும் தட்டிவிடத் தோன்றவில்லை.

"என்னா டீச்சர், பொன்னு கெடச்சிருச்சா?" என்றாள் மூத்தவள். வாளியைத் தூக்கப் போனவள் நின்று, "எம் பொண்ணும் ஒங்க கேம்ப்புக்குத்தான் வர்றா. நேத்து வந்ததுலருந்து சோறு திங்கல. வயித்து வலியாம். இன்னிக்கு வர மாட்டேங்குது," என்றாள்.

யாருடைய மகள் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் கேட்டேன். "தரம் எட்டா?"

"ஆமாங்க டீச்சர்."

கரையேறி எல்லாவற்றையும் சொன்னேன். எண், கேள்வி, சிரிப்பு, கோடு, ஜெபம். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். மற்றப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏழுன்னுதான எழுதியிருந்தா?" என்று மட்டும் கேட்டாள் தாய்.

"ஆமா. நான் எட்டு எடுத்தேன்."

"அவ பொய் சொல்லுவா டீச்சர். இல்லேங்கல. பால் பொங்கி வழிஞ்சா பூனையச் சொல்லுவா. ஆனா எண்ணச் சொன்னா எண்ணுவா." வாளியைக் கீழே வைத்தாள். "அவளும் மண்ணு சொமந்தா இந்தக் கானுக்கு. நாலு ஞாயித்துக்கெழமயும்."

"எம் மேலதான் தப்பு. மன்னிச்சிருங்க."

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எத்தன பேருக்கு முன்னால கேட்டீங்க?"

எண் கேட்டால் எனக்கு வாய் தானாகத் திறந்துவிடும். "அம்பத்தொரு புள்ளைங்க. என்னைச் சேர்க்காம, சமையல் அண்ணன் வரைக்கும் அஞ்சு பெரியவங்க."

"அப்ப அம்பத்தாறு பேரும் கேக்கட்டும்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் அந்த இடத்துக்கு ஏழு மணிக்கு முன் போகாவிட்டால் அன்றைய வேலை இல்லை. நான்கு எட்டு வைத்துத் திரும்பி, "வீட்டுலதான் இருக்கா. கடைசி வீடு," என்றாள்.

முதலில் போதகரிடம் போனேன். அவர் நல்லவர், என்னைக் காப்பாற்றப் பார்த்தார். "தனியாக் கூப்பிட்டுச் சொல்லிடுங்களேன். புள்ளைங்க முன்னால டீச்சரோட மதிப்பும் முக்கியம்தானே" என்றார். உண்மையைச் சொன்னால், அந்த வழி எனக்குப் பிடித்திருந்தது. தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தனியாகக் கண்டித்திருந்தால் தனியாக மன்னிப்புக் கேட்கலாம். நான் அப்படிச் செய்யவில்லையே. கோப்பையை வைத்துவிட்டுக் கடைசி வீட்டுக்குப் போனேன்.

அவள் வாசலில் உட்கார்ந்து தம்பிக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"வயித்து வலி எப்படி?"

"இருக்கு டீச்சர்."

"நான் இப்ப ஓடையில எறங்கிப் பாத்தேன். எட்டு இருந்துச்சு."

அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த மலர்ச்சி ஒன்றும் வரவில்லை. "எனக்குத் தெரியும் டீச்சர்," என்றாள். எட்டு என்று தெரியும் என்றாளா, இருக்கும் என்று தெரியும் என்றாளா, கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அன்று காலை வகுப்பு நான்காம் இடத்தில்தான் நடக்கும், அங்கே எல்லோருக்கும் காட்ட நீ வர வேண்டும் என்றேன். "வயித்து வலி போனா வாறேன்," என்றாள்.

ஒன்பது மணிக்கு எல்லோரையும் பீலிக்குக் கீழே கூட்டிக்கொண்டு போனோம். ஒன்பது ஏழுக்கு அவள் வந்தாள். தலை புதிதாகப் பின்னியிருந்தது. நான் வெள்ளை பூசிய கல்லின் பக்கத்தில் நின்று, நேற்று இவள் சொன்னது சரி, நான் சொன்னது பிழை, பார்க்காமலே பொய் என்றேன், போய்ப் பார்த்திருக்க வேண்டும், மன்னித்துக்கொள் என்றேன். முந்திய நாள் வேகமாகப் பேசிய எனக்கு அந்த நாலைந்து வசனங்களுக்கு நடுவே இரண்டு முறை நிறுத்த வேண்டியிருந்தது. பிறகு கானையும் குழிகளையும் காட்டி, தண்ணீர் ஏன் மாறியது, யார் மாற்றினார்கள் என்று சொன்னேன்.

"இப்ப எறங்கிக் காட்டுறியா?" என்று கேட்டேன்.

அவள் இறங்காமல் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மெல்ல அசைந்தது. எண்ணுகிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. தாய் வேலைக்குப் போகுமுன் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

"டீச்சர், சமையல் அண்ணன் இல்ல," என்றாள்.

உண்மை. எங்கள் சமையற்காரர் பகல் சாப்பாட்டு வேலையில் இருந்தார். "அவருகிட்டயும் சொல்றேன்," என்றேன். அதற்குப் பிறகுதான் அவள் தண்ணீரில் இறங்கினாள். முதல் கல்லிலேயே மூன்று. கண்ணாடிப் பையன் கரையில் தயங்கிவிட்டுச் சப்பாத்தைக் கழற்றினான். "அட்டை கடிச்சா என்னா செய்யுறது?" என்று அவளிடம் கேட்டான். "அது குடிச்சு முடிச்சிட்டுத் தானா போயிரும். பயந்தா ரெண்டு வரும்," என்றாள். இறங்கினான். பிறகு மற்ற இரண்டு பேரும் இறங்கினார்கள்.

பதினொன்றே முக்காலுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். சமையற்காரர் அகப்பையும் கையுமாக நின்று முழுவதையும் கேட்டுவிட்டு, "எங்கிட்ட எதுக்கு மிஸ்? நான் நேத்து தேத்தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தேன். ஒண்ணும் காதுல விழல" என்று சிரித்தார்.

"விழுந்துச்சு," என்றாள் அவள். "டீச்சர் கோடு போட்டப்ப நீங்க கதவுகிட்ட நின்னு என்னையப் பாத்து 'ச்சு'ன்னு சொன்னீங்க."

அவர் சிரிப்பை நிறுத்தினார். அகப்பையைப் பானையில் வைத்துவிட்டு, "ஆமா, சொன்னேன். தப்புத்தான் தங்கச்சி," என்றார். அவள் தலையாட்டிவிட்டு வெளியே போனாள். முகாம் முடியும்வரை அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. அட்டவணையில் நான்காம் கட்டத்தை அவளையே நிரப்பச் சொன்னேன். ஏழு என்று எழுதினாள். நான் எட்டு எடுத்தேனே என்றதற்கு, "அது இன்னிக்கு டீச்சர். இது நேத்து," என்றாள். அது சரியான பதில். நான் படிப்பிக்க வேண்டிய பதில்.

இப்போதும் நாட்குறிப்பு எழுதுகிறேன். மழையின் நேரத்தையும் எழுதுகிறேன். வகுப்பில் ஒரு பிள்ளை நான் எதிர்பாராத ஒன்றைச் சொன்னால், போய்ப் பார்க்கும்வரை என் கொப்பியில் அதற்கு எதிராக ஒன்றும் எழுதுவதில்லை. ஆனால் அதிகம் நினைவில் வருவது என் பிழையான கணக்கு அல்ல. ஒரு பிள்ளையை எல்லோர் முன்னாலும் தலைகுனிய வைத்த அந்தச் சில நிமிடங்களில், யார் சிரித்தார்கள், யார் பேசாமல் இருந்தார்கள், வாசலில் நின்ற ஒருவர் என்ன ஒலி எழுப்பினார் என்று அவள் ஒருத்தி மட்டும் ஒன்று விடாமல் பதிந்து வைத்திருந்தாள் என்பதும், அந்த ஐம்பத்தாறு பேரில் ஒருவர் குறைந்தாலும் நான் சொன்ன மன்னிப்பு அவளுக்கு முழுமையாகியிருக்காது என்பதும்தான்.